பிறர் உருவும் ஓவியன் உரிமையும்

பிறர் ஆக்கிய உருவைத் தன் ஓவியத்துள் அமைப்பான் அதனை முற்றுந் தன்னதென்னலாமோ என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

லின் கோல்ட்ஸ்மித் என்னும் அமெரிக்க அம்மையார் 1981-இல் இசைவாணர் பிரின்சை நிழற்படம் எடுத்தார். 1984-இல் ஓரிதழ் 400 டாலர் அளித்து, ஒருமுறைப் பயனுக்கென அதனைப் பெற்று, ஆண்டி வார்ஹாலைக்கொண்டு வண்ணவுருவாக்கியது. வார்ஹாலோ அப்படத்தினின்றும் 16 உருவங்கள் இயற்றினார். பிரின்சு மறைந்த 2016-இல், அவற்றுளொன்று வேறோரிதழின் முகப்பில் வர, வார்ஹால் பெயரிலமைந்த நிறுவனம் 10,000 டாலர் பெற்றது. அம்மையார்க்குக் காசுமில்லை, 1984-இல் அச்சிட்ட பெயர்தானும் இல்லை.

குடத்திற்கு மண்போல ஓவியத்திற்கு நிழற்படம் முதற்காரணமேயாம். குயவன் மண்ணுக்குக் கடன்பட்டவனோ எனின், அற்றன்று. மண் ஒருவர் வனைந்ததன்று. நிழற்படமோ முன்னரே ஒருவர் கண்ணுங் கருத்துங்கொண்டு வனைந்த குடம். அதன்மேல் வண்ணந் தீட்டினான் குயவனாகான். (தீட்டுதலும் அருந்தொழிலே, யாம் அதனை இழித்தேமல்லேம்.) மோனாலிசாவை அவரே 1963-இல் பன்முறை பதித்தாரன்றோ எனின், அவ்வுருவைக் கண்டார் யாவரும் லியனார்டோவை நினைப்பர், பெயர் மறையாது. புகழில்லார் உருவை எடுக்குமிடத்தே எடுத்தவன் புகழ் ஆக்கியோனை விழுங்கிவிடுகின்றது. வரைந்தமையன்று, இவ்விழுங்குதலே குற்றமென்பேம்.

2023-இல் அமெரிக்க உச்சநீதிமன்றத்தார், இரண்டும் இதழிற் பிரின்சைக் காட்டும் ஒரேபயனுக்கு விலைப்பட்டனவெனக் கண்டு, எழுவர் ஒருபாலும் இருவர் மறுபாலுமாக நின்று, அம்மையார்க்கே தீர்ப்பளித்தனர். முதற்கண் அவற்றை வரைந்தது தகுமோ என்பதனை அவர் முடிவு செய்திலர்.