அருளும் ஒற்றெழுத்தும்

"அப்படியே வந்துச்சு சார். நான் எழுதல, எழுத வச்சாங்க. ஒரு எழுத்து மாத்தினாலும் குத்தம்" என்றார் அந்தத் தம்பி. சூரசம்ஹாரத்தை நாவலாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். கும்பகோணத்தில் அச்சகங்களுக்குப் புரூஃப் பார்த்துப் பிழைக்கிறவன் நான். இந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. முதல் அத்தியாயத்திலேயே பராசக்தி மகனை அழைத்து 'வேலை கொடுத்தாள்' என்று இருந்தது. ஒரு 'க்' விழுந்துபோனதில், சூரனை அழிக்கப் புறப்பட்ட பிள்ளைக்கு வேலாயுதம் கிடைக்காமல் உத்தியோகம் கிடைத்துவிட்டது. காட்டினேன். சிரித்தார். ஆனாலும் விடவில்லை: "சம்பந்தர் இலக்கணம் படிச்சுட்டா சார் பாடினாரு?"

நியாயமான கேள்விதான். சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுக் குழந்தைக்கு ஞானப்பால். திருவானைக்காவில் மடைப்பள்ளி ஆளுக்கு அம்பாள் வாய்த் தாம்பூலம், அவர் காளமேகமாகிறார். நம் ஊர்க் கதைகளில் பெரிய புலவர்களுக்குப் பெரும்பாலும் வாத்தியார் கிடையாது, தெய்வம்தான். இந்தக் கதைகளைக் கேலி செய்கிறவன் இல்லை நான். நம்புகிறவன்.

ஆனால் அருள் எந்த ரூபத்தில் வந்தது என்று பார்க்க வேண்டாமா? காளமேகம் தகர வரிசையை மட்டுமே வைத்து ஒரு வெண்பா பாடினார். அதிலும் தளை தட்டவில்லை. வெண்பாவுக்குள் கனிச்சீர் வரக்கூடாது என்ற சட்டம் தாம்பூலம் வாங்கியவருக்காக வளைந்துகொடுக்கவில்லை. கொடுத்தவளே இலக்கணத்துக்குள் நின்றுதான் கொடுத்திருக்கிறாள்.

குமரகுருபரர் கதை இன்னும் சுவையானது. ஐந்து வயதுவரை பேச்சில்லாமல் இருந்து, திருச்செந்தூர்ச் சந்நிதியில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடியவர். பிற்பாடு அவரே உட்கார்ந்து சிதம்பரச் செய்யுட்கோவை செய்தார். பாவுக்கும் பாவினத்துக்கும் வரிசையாக எடுத்துக்காட்டுச் செய்யுள்கள். யாப்புப் படிக்கிற பிள்ளைகளுக்கு உதவுகிற நூல். முருகனே நாவைத் திறந்துவிட்டவருக்கு இந்தக் கஷ்டம் எதற்கு? அவர் பாடிய சகலகலாவல்லி மாலையை நவராத்திரியில் பாடுகிறோம். கலைகளெல்லாம் நினைத்த மாத்திரத்தில் எளிதாக வரவேண்டும் என்று அதில் கலைமகளிடம் கேட்கிறார். கைவலிக்கக் கற்றவனுக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும்.

சைவத்தில் நாலு படி சொல்வார்கள்: சரியை, கிரியை, யோகம், ஞானம். ஞானம் கடைசி. முதல் படியான சரியை என்ன? கோயிலைக் கூட்டுவது, மெழுகுவது, பூத் தொடுப்பது. உடம்பால் செய்கிற வேலை. தேவாரம் பாடிய அப்பரே கையில் உழவாரத்தோடுதான் ஊர் ஊராகப் போனார். எழுத்துக்கும் ஒரு சரியை உண்டு என்பது என் கட்சி. ஒற்று எங்கே மிகும், எழுவாய் ஒருமையா பன்மையா, வாக்கியம் எந்த வினையில் முடிகிறது என்று பார்ப்பது. நல்ல உரைநடையைப் பெயர்த்தெழுதுவது. எழுதியதை வாய்விட்டுப் படிப்பது. இதையெல்லாம் செய்தால் ஞானம் வந்துவிடும் என்று உத்தரவாதம் இல்லை. வாசல் கூட்டினவர்களுக்கெல்லாம் தேவாரம் வந்ததா?

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) செய்யுள்களை வாயால் சொல்லச் சொல்ல, மாணாக்கர் எழுத்தாணியோடு பின்தொடர முடியாமல் திணறுவார்கள். பார்த்தவர்கள் அதை அருள் என்றே சொல்லியிருப்பார்கள். அதே பிள்ளை இளமையில் அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் படித்த கதையை உ.வே.சாமிநாதையர் எழுதிவைத்திருக்கிறார். திருச்சியில் அந்த நூல் தெரிந்த ஒருவர் இருந்தார். வீடு வீடாக இரந்து உண்ணும் பரதேசி. அவர் பிச்சைக்குப் போகிற தெருவெல்லாம் பின்னாலேயே போய், அவருக்கு வேண்டியதைச் செய்து கொடுத்து, மனம் இரங்கச் செய்து பாடம் கேட்டார். அந்தப் பிள்ளையிடம் 1871இல் போய்ச் சேர்ந்த சாமிநாதையர், ஆசிரியர் மறையும்வரை கூடவே இருந்து பாடம் கேட்டார், ஏடு எழுதினார். 1940 முதல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடராக வந்தபோது வெளிப்பட்ட அந்தத் தெளிவான நடைக்குப் பின்னால் அந்த ஏட்டுச்சுமை இருக்கிறது. நம் நாவலாசிரியர்களில் பலர் அந்தச் சரித்திரத்தைப் புரட்டியதுகூட இல்லை என்பது என் வயிற்றெரிச்சல்.

'நான் எழுதல' என்ற பேச்சுக்கு வருகிறேன். பெரியவர்கள் சொன்னால் அது பணிவு: நன்றாக வந்ததைக் கலைமகள் கணக்கில் வைத்துவிட்டு, பிழையைத் தன் தலையில் போட்டுக்கொள்வார்கள். இந்தக் காலத்தில் அது தலைகீழாகிவிட்டது. சாமி பேரில் எழுதிவைத்த நிலத்தை யாரும் தொடமுடியாது என்பது போல, வாக்கியத்தைச் சாமி பேரில் எழுதிவைத்துவிட்டுத் திருத்தக்கூடாது என்கிறோம். சித்தாந்தத்தில் இதற்கு ஆணவம் என்று பெயர். அருளை நம்புகிறவன்தான் பிழை திருத்த முதலில் உட்கார வேண்டும். அவள் கொடுத்தது கோணலாக அச்சேறினால் அவமானம் அவளுக்கல்லவா?

அந்தத் தம்பியிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். சரஸ்வதி பூஜைக்கு நோட்டுப் புத்தகத்தை வைத்துக் கும்பிடுங்கள். விஜயதசமி காலையில் எடுத்ததும் 'என் சரித்திர'த்தில் ஒரு பக்கத்தை, ஒற்றுப் பிசகாமல், பெயர்த்தெழுதுங்கள். மறுநாளும் எழுதுங்கள்.