கம்பளிப் புழுவும் கார்த்திகை மீனும்

வரவிருக்கும் குளிர்காலம் கொடியதா, மெல்லியதா? அமெரிக்க நாட்டுச் சிற்றூர் மக்கள் நெடுங்காலமாக இக்கேள்வியை ஒரு புழுவிடம் கேட்டு வந்தனர். இரு முனையிலும் கருமை, இடையிலே செம்பழுப்பு, உடலில் 13 வளையங்கள் கொண்ட கம்பளிப் புழு அது. செம்பழுப்பு அகன்றிருந்தால் குளிர் தணியும். கருமை மிகுந்திருந்தால் உறைபனி வாட்டும் என்பர்.

கேட்டதும் நமக்குச் சிரிப்பு வருகிறது. பகுத்தறிவாளர் என்று பெயர் பூண்டுவிட்டோமல்லவா! ஆனால், சிரிப்பது சிந்திப்பதாகுமா?

நியூயார்க் அருங்காட்சியகமொன்றின் பூச்சியியல் அறிஞர் கர்ரன் சிரிக்கவில்லை. 1948இல் பேர் மலைக்குச் சென்றார், புழுக்களைப் பிடித்தார், வளையங்களை எண்ணினார். எட்டு ஆண்டுகள் எண்ணினார். அவருடைய கணக்கும் வந்த குளிரும் பெரும்பாலும் ஒத்தே போயின! குறி சொல்வோருக்கு இத்தகைய வெற்றி கிட்டியிருந்தால் காணிக்கைத் தட்டு நிரம்பியிருக்கும். கர்ரனோ, தாம் எண்ணிய புழுக்கள் மிகச் சிலவே, அவற்றைக் கொண்டு எதையும் மெய்ப்பிக்க இயலாது என்பதை உணர்ந்தே இருந்தார். தோற்ற கருத்தைக் கைவிட அறிவு போதும். வென்ற கருத்தை ஐயுற நெஞ்சுரமும் வேண்டும்.

புழு வளர்ந்து தோலுரிக்குந்தோறும் செம்பழுப்பு அகலுகிறது. ஈரமும் வண்ணத்தை மாற்றுகிறது. வரப்போவதையன்று, வந்துபோனதையே அது உடலில் ஏந்தி நிற்கிறது. பென்சில்வேனியாவிலே 1887 முதல், வளைவாழ் விலங்கொன்றின் நிழலைப் பார்த்துக் குளிர் நீளுமா என்று அறிவிக்கிறார்கள். உயரத் தொப்பி அணிந்தோர் நடத்தும் வேடிக்கை அது, விட்டுவிடுவோம்.

அங்ஙனமாயின் முன்னோர் கண்ட குறிகள் யாவும் பொய்யோ? பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டிஸ் மலை உழவர், அவர்தம் குளிர்காலமாகிய சூன் இறுதியில், விடியுமுன் எழுந்து, நாம் கார்த்திகை என்றழைக்கும் விண்மீன் கூட்டத்தை நோக்குவர். அது மங்கித் தெரிந்தால், மழை பொய்க்குமென்று உருளைக்கிழங்கு நடவைச் சில வாரங்கள் தள்ளிப்போடுவர். விதைக்கிழங்கு மண்ணிலே மடிந்தால் அந்த ஏழைக் குடிலிலே பசிதானே! விண்மீனாவது, மழையாவது என்று நம்மில் பலர் எள்ளியிருப்போம். ஆய்வாளர் மூவர் எள்ளவில்லை, ஆராய்ந்தனர். 2000இல் முடிவை வெளியிட்டனர். எல் நினோ ஆண்டுகளில், கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய முகில் வானின் உயரத்திலே மிகுதியாகப் பரவி விண்மீனொளியை மங்கச் செய்கிறது; அவ்வாண்டுகளிலேதான் பின்னர் மழையும் குறைகிறது.

விண்மீன் மழையைத் தடுக்கவில்லை; உழவர் கண்டது முகிலின் விளைவை. தெய்வத்தின் சினமென்று அவர்களுள் எவரேனும் காரணம் கூறியிருப்பின், அக்காரணம் பிழை. நடவைத் தள்ளிப்போட்ட கை பிழை செய்யவில்லை.