அணுவை அறிந்தால் போதுமா?

மாமல்லபுரம் என்றதும் கல் நினைவுக்கு வருகிறது. கல்பாக்கம் என்றதும் அணு நினைவுக்கு வருகிறது. இரண்டும் ஒரே கடற்கரையில், ஒரே செங்கற்பட்டு மாவட்டத்தில் இருக்கின்றன. 1983-இல் கல்பாக்கத்தின் முதல் அணு உலை இயங்கத் தொடங்கியது. கண்ணுக்குத் தெரியாத அணுவைப் பிளந்து, அதன் ஆற்றலால் விளக்கெரியச் செய்யும் திறன் நம் கைக்கு வந்துவிட்டது. ஆனால், அந்த விளக்கொளியிலேயே பஞ்சாங்கம் புரட்டி இராகுகாலம் பார்ப்போரும் நம்மிடையே இருக்கிறார்களே! அணுவைப் பிளந்தோம், தலையெழுத்து என்னும் தளையைப் பிளந்தோமா? பொருளின் இயல்பை அறிந்துகொண்டால் மட்டும் மனிதன் விடுதலை பெற்றுவிடுவானா?

இந்தக் கேள்வி நேற்றுப் பிறந்ததன்று. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில், மிலேட்டஸ் என்னும் துறைமுக நகரில் வாழ்ந்த தேல்ஸ், உலகம் எதனால் ஆனது என்று கேட்டார். நீரால் ஆனது என்று தாமே விடையும் கூறினார். விடை தவறு; ஆனால் வினா பெரிது! உலகை யார் படைத்தார் என்று கேட்டவர்களுக்குப் புராணம் கிடைத்தது. எதனால் ஆனது என்று கேட்டவர்களுக்கு அறிவியல் கிடைத்தது.

அந்த வழியில் வந்தவர்களே லியூசிப்பஸும், கி.மு. 460 அளவில் அப்டீரா நகரில் பிறந்த டெமாக்ரிடஸும். பொருள்கள் அனைத்தும் பிளக்க முடியாத நுண்ணிய அணுக்களால் ஆனவை. அணுக்களும் அவை இயங்கும் வெற்றிடமும் தவிர வேறொன்றுமில்லை என்றார்கள். அவர்கள் கருத்தை விளக்க வந்த அரிஸ்டாட்டில், எழுத்துகளை எடுத்துக்காட்டுகிறார். ஒரே எழுத்துகளைக் கொண்டே அழவைக்கும் நாடகத்தையும் எழுதலாம், சிரிக்கவைக்கும் நாடகத்தையும் எழுதலாம் அல்லவா? அதுபோல, ஒரே வகை அணுக்களின் வடிவும் வரிசையும் மாறுவதால் பொருள்கள் மாறுகின்றன. மாளிகையிலும் அதே அணு. மண்குடிசையிலும் அதே அணு!

கிரேக்கத்தில் மட்டுமா இப்படிச் சிந்தித்தார்கள்? செங்கற்பட்டுக்கு அண்டையிலுள்ள காஞ்சிக்கு வந்து சேர்ந்தவள் மணிமேகலை. வருமுன் வஞ்சி நகரில் பல சமயத்தாரின் வாதங்களையும் கேட்டாள் என்கிறது சாத்தனாரின் காப்பியம். அவர்களுள் ஒருவர் ஆசீவகர். நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றின் அணுக்கள் உண்டு. உயிரும் ஓர் அணுவே. அவை தோன்றுவதில்லை, அழிவதில்லை, பிளப்பதில்லை. செறிந்து கூடினால் வயிரமாகும். உட்புழையோடு கூடினால் மூங்கிலாகும். தனி அணு ஏன் தெரிவதில்லை? அந்தி மங்கலில் ஒற்றை மயிர் கண்ணுக்குத் தெரியாது. கற்றையாகத் திரண்டால் தெரியும். இப்படிப் போகிறது அந்த விளக்கம்.

எவ்வளவு தெளிந்த சிந்தனை! அதற்காக, "அணு உலையை அன்றே அறிந்தவர் எம் முன்னோர்" என்று மார்தட்ட வேண்டியதில்லை. கிரேக்கரிடமும் நம்மவரிடமும் கருவி இல்லை, சோதனை இல்லை. அவர்கள் கூறியது கூரிய ஊகம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டால்டன் எடைகளை ஒப்பிட்டுக் கணக்கிட்ட பிறகுதான் அந்த ஊகம் அறிவியலாயிற்று. பிளக்க முடியாதது என்று அவர்கள் சொன்ன அணுவே பிளந்தும் விட்டது. பெருமை அவர்கள் கண்ட விடையில் இல்லை; கண்ணுக்கு எட்டாததையும் காரணத்தோடு எண்ணிப் பார்த்த துணிவில் இருக்கிறது.

ஆனால், தோழர்களே, அதே ஆசீவகர் அடுத்துக் கூறுவதைக் கேளுங்கள். இன்பமும் துன்பமும், பேறும் இழப்பும் கருவிலேயே முடிவாகிவிடுகின்றனவாம்! பிறப்புகள் கருமை முதல் வெண்மை வரை ஆறு நிறமாம்; படிப்படியாக ஏறித்தான் வீடு பெற வேண்டுமாம்! ஆசீவகத்தின் தலைவர் மக்கலி கோசாலர், எறிந்த நூலுருண்டை நூல் தீரும்வரை உருண்டே தீரும். அறிஞனும் மூடனும் அவ்வாறே என்றார் எனப் பௌத்த நூல் உரைக்கிறது. அணுவிலே ஏற்றத்தாழ்வு காணாதவர், பிறப்பிலே படிக்கட்டுக் கட்டினார். படைத்தவன் வேண்டாம் என்றவர், அவன் இடத்தில் ஊழை உட்காரவைத்தார். ஆண்டவன் போனான்; அடிமைத்தனம் போகவில்லை!

கிரேக்கத்திலும் இந்த இடர் வந்தது. எல்லாம் கட்டாயத்தின் வழியே நடக்கிறது என்றார் டெமாக்ரிடஸ். கி.மு. 341-இல் பிறந்த எபிகூரஸ் அவருடைய அணுவை ஏற்றார். கட்டாயத்தை ஏற்க மறுத்தார். ஊழுக்கு அடிமையாவதைவிடத் தேவர் கதைகளை நம்புவதே மேல், கதையிலாவது வேண்டிக்கொள்ள இடமுண்டு, ஊழுக்கோ காது இல்லை என்பது அவர் கருத்து. அவரைப் பின்பற்றியோர், அணு தன் பாதையினின்று சற்றே விலகும் என்றனர். மனிதன் தானே எண்ணிச் செயற்பட இடம் வேண்டும் என்பதற்காகவே அந்த விலகல்! அந்த இயற்பியலை இன்று எவரும் ஏற்பதில்லை. ஆனால் அதற்குப் பின்னிருந்த அறம் பொய்க்கவில்லை. எபிகூரஸ் தம் தோட்டத்துப் பள்ளியில் பெண்களையும் அடிமைகளையும் சேர்த்துக்கொண்டார். 1841-இல் முனைவர் பட்டம் பெற்ற காரல் மார்க்ஸ், தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருளே இவ்விருவரின் இயற்கைத் தத்துவங்களுக்கிடையே உள்ள வேறுபாடுதான்.

இங்கே, "மனிதன் வெறும் அணுக்கூட்டம் என்றால் அறம் எதற்கு?" என்று வைதீகர் கேட்பர். நாம் திருப்பிக் கேட்போம்: கருவிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றால் அறம் எதற்கு? ஒடுக்குகிறவன் தன் விதிப்படி ஒடுக்குகிறான், ஒடுங்குகிறவன் தன் விதிப்படி ஒடுங்குகிறான் என்றல்லவா முடியும்? அறத்தின் பகை அணுவன்று, ஊழ்தான். மாற்ற முடியும் என்ற இடத்தில்தான் மாற்ற வேண்டும் என்ற கடமை பிறக்கிறது.

அந்தக் கடமையை உணர்ந்த ஊர் செங்கற்பட்டு. 1929 பிப்ரவரி 17, 18 நாட்களில், டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் தலைமையில் அங்கே கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு, அணுவைப் பற்றி ஆராயவில்லை. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்றது. பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதிப் பட்டத்தை விட்டொழிக்கச் சொன்னது. பெண்ணுக்கும் ஆணுக்கு நிகரான சொத்துரிமை வேண்டும் என்றது. கருவிலே எழுதப்பட்டதாகச் சொல்லப்பட்டதைக் கையாலே அழித்துக் காட்டலாம் என்று அறிவித்தது.

ஆய்வுக்கூடத்து அறிவுக்கு இந்த நெஞ்சுரம் துணை சேர வேண்டும். அறிவியல் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு, திருமணத்துக்குச் சாதியும் சாதகமும் தேடுகிற இளைஞன், அணுவை அறிந்த ஆசீவகனே தவிர வேறில்லை. அவன் கற்றது அவன் வாயில் இருக்கிறது, வாழ்வில் இல்லை.

இளைஞர்களே! ஒரே எழுத்துகளைக் கொண்டுதான் வருண தருமத்தையும் எழுதினார்கள், சமத்துவத் தீர்மானத்தையும் எழுதினார்கள். எழுத்துகள் நமக்கும் அவையே. எதை எழுதுவது என்பதை எந்தக் கருவும் முடிவு செய்வதில்லை; நாம்தான் முடிவு செய்கிறோம்.