யார் சொன்ன தவறு?

பழைய சாமான்களில் பிரியமுள்ள நண்பர் ஒருவர் எனக்கு ஒரு கமடோர் 64 கணிப்பொறியைக் கொடுத்தார். 1982-ல் அமெரிக்காவில் வெளிவந்த வீட்டுக் கணிப்பொறி அது. ஒரே சமயத்தில் மூன்று ஒலிகளை எழுப்பக் கூடிய சில்லு ஒன்று அதற்குள் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஓர் எண். அதை இரண்டு கூறாக்கி, 54272, 54273 என்ற நினைவக விலாசங்களில் இட வேண்டும்.

எனக்கு ஓர் ஆசை பிறந்தது. காதுக்குப் பயிற்சி தரும் நிரல் ஒன்றை பேஸிக் மொழியில் எழுதினேன். யந்திரம் முதலில் ஷட்ஜத்தை ஒலிக்கும். அடுத்து இன்னொரு ஸ்வரத்தை. சில தடவை வேண்டுமென்றே சற்று ஏற்றியோ இறக்கியோ ஒலிக்கும். அது சரியா, ஏற்றமா, இறக்கமா என்று கேட்பவர் சொல்ல வேண்டும். விடை பிசகினால் திரையில் 'தவறு' என்று வரும்.

முதல் மாணவி என் அக்கா. ஐம்பது வருஷமாகத் தம்புராவை மீட்டிப் பாடுகிறவள். அந்தர காந்தாரம் வந்தது.

"ஏறியிருக்கேடா!" என்றாள்.

'தவறு' என்றது யந்திரம். மூன்று முறை அப்படியே.

அக்கா கையை எடுத்துக் கொண்டாள். "காது போயிடுத்துடா. வயசாச்சோல்லியோ?" என்று எழுந்து போய்விட்டாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கணக்கை எடுத்துப் பார்த்தேன். ஷட்ஜத்துக்கு 4455, காந்தாரத்துக்கு 5613. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கும் பியானோவின் கணக்கு அது. எந்தச் சுருதியிலும் வாசிக்க வசதியாக இருக்கட்டும் என்று மேல்நாட்டார் செய்துகொண்ட சமரசம். ஆனால் தம்புராவின் நாதத்தில் தானாகப் பிறக்கும் காந்தாரம் ஷட்ஜத்தைப் போல் ஒன்றேகால் பங்கு; அதாவது 5569. என் காந்தாரம் உண்மையிலேயே ஏறித்தான் இருந்தது!

5613 பொய் என்று சொல்ல மாட்டேன். பியானோவுக்கு அது நியாயம். தம்புராவில் வளர்ந்த காதைப் பியானோவின் சட்டப்படி விசாரித்ததும், எந்தச் சட்டம் என்பதைச் சொல்லாமல் விட்டதுமே நான் செய்த அநியாயம். அதை நானே நேரில் சொல்லியிருந்தால் அக்கா என் தலையில் குட்டியிருப்பாள். யந்திரம் சொன்னதால் தன் காதையே சந்தேகித்தாள். மனிதன் யந்திரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு தீர்ப்புச் சொல்வதில் உள்ள ஆபத்து இதுதான்.

காலையில் நிரலில் 237 என்றிருந்ததை அழித்து 193 என்று எழுதினேன். திருத்தம் அவ்வளவுதான். அக்காவை அழைத்து நடந்ததைச் சொன்னேன். சிரித்தாள், மறுபடியும் உட்கார்ந்தாள். காந்தாரம் ஒலித்தது.

"இப்போ சரி" என்றாள்.

யந்திரமும் 'சரி' என்றது. ஆனால் அதைப் பார்த்த பிறகுதான் அவள் முகம் மலர்ந்தது.

எண்ணைத் திருத்திவிட்டேன். அந்த ஒரு நிமிஷத் தயக்கத்தை எந்த விலாசத்தில் போய்த் திருத்துவது?