யாருடைய வேகம்?

சேர்ந்து பயணம் செய்வோருள் யாருடைய வேகம் எல்லாருக்கும் உரிய வேகமாக இருத்தல் வேண்டும்? கேட்டவுடனேயே, 'மெலிந்தவருடைய வேகம்' என்று விடை கூறிவிடுகிறோம். விடை சரிதான். ஆனால் அவ்வேகத்தை நாம் அவருக்குக் கொடையாக வழங்குகிறோமா, அன்றி அது அவருடைய உரிமையா? சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

விவிலியத்திலும் இக்கேள்வி உண்டு. நெடுநாள் பிரிந்திருந்த ஏசா, தம்பி யாக்கோபைத் தம்மோடு சேர்ந்து பயணப்பட அழைக்கிறார். பிள்ளைகள் இளையவர்கள், மந்தையை ஒரு நாள் விரட்டினாலும் மடிந்துவிடும் என்று சொல்லி, யாக்கோபு அண்ணனை முன்னே அனுப்பிவிடுகிறார் (தொநூ 33:12-14). இப்பகுதியை மெச்சுவோர் அடுத்த வரிகளைக் கவனிப்பதில்லை. சேயீருக்கு வருவதாகச் சொன்னவர் சுக்கோத்துக்கன்றோ போய்ச் சேர்ந்தார்! 'நீங்கள் முன்னே செல்லுங்கள்' என்பது, சில வேளைகளில், 'நான் வரவில்லை' என்பதன் மரியாதையான வடிவம்.

2025 ஆகஸ்டில், அம்பத்தூரில் ஒன்றாய்ப் படித்த நாங்கள் ஐவர் மிதிவண்டியில் வேளாங்கண்ணிக்குச் செல்லத் திட்டமிட்டபோது இதே சொற்களைக் கேட்டேன். மிதிவண்டி எங்கள் பகுதிக்கு அந்நியமன்று. 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஆலை அம்பத்தூரில்தான் எழுந்தது. ஆவடியில் வேலைநேரம் மாறும்போது ஆலை வாயில்களில் மிதிவண்டிகள் வெள்ளமெனப் புறப்பட்ட காட்சியைக் கண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை மூன்று நாளில் கடக்கலாம் என்று கணக்கிட்டோம். எங்களுள் ஒருவருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். "நீங்க முன்னால போங்கப்பா, நான் பஸ்ல வந்து கொடியேற்றத்துக்குச் சேர்ந்துக்கறேன்" என்றார் அவர்.

அவர் சொன்னது பெருந்தன்மை. அதை ஏற்றிருந்தால் அது அவர் விருப்பத்தை மதித்ததாகவும் இருந்திருக்கும். இப்படி இரண்டு நாகரிகங்கள் கைகோத்து, எவர்மீதும் குற்றமில்லாமலேயே ஒரு நட்பை ஓரங்கட்டிவிடக்கூடும். இன்பத்துக்காகக் கொள்ளும் நட்பை அரிஸ்டாட்டில் தனி வகையாகப் பிரித்தார். அந்நட்புக்கு மூன்று நாள் போதும். வள்ளுவரோ நட்பை ஆராய்ந்ததோடு நில்லாமல், 'பழைமை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். பழகியவர் உரிமையோடு செய்வதை மறுக்காமல் ஏற்பது அங்கே நட்பின் இலக்கணம். கருணைக்கு அவ்வதிகாரத்தில் வேலையில்லை. மருத்துவர் சம்மதித்தபின், ஆவடி நண்பர் அந்த உரிமையைத்தான் கையாண்டார். "அஞ்சு நாள் பயணம். உன்கிட்ட யாரு யோசனை கேட்டா?" என்று அதட்டிவிட்டார்.

ஆகஸ்டு 25, திங்கள் விடியலில் புறப்பட்டோம். பூந்தமல்லி, சேக்கிழார் பிறந்த குன்றத்தூர், தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம், புதுச்சேரி என்று ஊர்கள் கடந்தன. கடலூருக்குத் தெற்கே எதிர்காற்று வலுத்தது. மிதிவண்டிக்காரர் அறிந்த உண்மை ஒன்றுண்டு: முன்னே செல்பவர் காற்றை உடைக்கிறார்; அவரை ஒட்டிப் பின்வருபவருக்குப் பாரம் குறைகிறது. ஆனால் முன்னவர் தம் வலிமையைக் காட்டி விரைந்துவிட்டால், அவர் உடைத்த காற்று எவருக்கும் பயனில்லை. பின்னே வருபவரை அவரால் பார்க்கவும் முடியாது. செயினின் ஓசையைக் கேட்டே பெடலை மிதிக்க வேண்டும். வலியவர் முன்னே இருக்கலாம், மெதுவாகச் செல்லும்வரை.

கொள்ளிடம் பாலத்தில், "இப்ப நான் முன்னால போறேன்" என்றார் ஸ்டென்ட் நண்பர். எவரும் தடுக்கவில்லை. ஒரு கிலோமீட்டர்கூட இராது. எப்போதும் பெறுபவராகவே ஒருவரை வைத்திருப்பதும் ஒருவகை வன்முறை என்பது என் எண்ணம். சீர்காழித் தேநீர்க் கடையில் ஒருவர் இதை மறுத்தார். நோயாளியின் ஆசைக்கெல்லாம் தலையசைப்பது அன்பாகாது என்றார். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

இதைவிடக் கடினமான கேள்வி வேறு. மெதுவாகச் செல்வதற்கும் விலையுண்டு. அதைச் செலுத்துபவர் யார்? எங்களுள் ஒருவர் பூந்தமல்லியில் சிறு கடை நடத்துபவர். கூடுதலான இரண்டு நாளும் கடை பூட்டியே கிடந்தது. மாத ஊதியக்காரர்களுக்கும் என்னைப் போன்ற குருக்களுக்கும் 'அஞ்சு நாள்' என்று சொல்லிவிடுவது எளிது. இழப்பைப் பகிர்ந்துகொள்கிறோம் என்றபோது, "கணக்குப் பார்க்கறவன் கிளம்பியே இருக்க மாட்டேன்" என்று முடித்துவிட்டார். நோயுற்ற நண்பரிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றனர் மற்றவர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொடையை மறைக்கலாம், உரிமையை மறைப்பானேன்? கொடியேற்றம் முடிந்த அன்றிரவு அவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த வாரம் பூந்தமல்லி சென்றபோது அக்கடையில் நுழைந்தேன். கல்லாவில் அவர் அமர்ந்திருந்தார்; இரண்டு நாளாக வருகிறாராம். சில்லறையை நிதானமாக எண்ணிக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர்கள் காத்து நின்றார்கள். உள்ளிருந்து கடைக்காரர், "சீக்கிரம் குடுப்பா!" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.