வம்சாவளியும் வாய்மையும்

சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இயங்குகிறது. 1821-ல் மறைந்த நில அளவையாளர் காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் ஒரு பகுதி அங்கே இருக்கிறது. பாளையக்காரர்களின் வம்சாவளிகளையும் அவர் சேகரித்தார்.

முன்னோர் செய்த வீரச்செயல், அரசர் தந்த விருது என்று அவை பெருமை பேசும். எழுதச் சொன்னவர் மனம் குளிர வேண்டுமே!

இன்று வம்ச ஆய்வாளரைத் தேடி வருபவரின் எதிர்பார்ப்பும் அதுதான். மொரீஷியஸுக்குப் போன முன்னோரைத் தேடுவோருக்கு, அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஒப்பந்தக் கூலிப் பதிவேடுகளோ பெயர், வயது, ஊர், சாதி, கப்பல் என்று கறாராகச் சொல்கின்றன. குடும்பக் கதையில் ஜமீன்தாராக வாழ்ந்த பாட்டனார் ஏட்டில் கூலியாளாக நிற்கலாம். "இதற்கா பணம் கொடுத்தேன்?" என்று வாடிக்கையாளர் கொதிப்பார்.

அவர் மனம் நோகாதிருக்க ஆய்வாளர் பொய் சொல்லலாமா?

எவருக்கும் தீங்கு தராத சொல்லே வாய்மை என்பது வள்ளுவர் வகுத்த இலக்கணம். அதை இங்கே பொய்க்குச் சலுகையாகக் கொள்ள முடியாது. புனைந்த பரம்பரை, கடல் கடந்து கரும்புத் தோட்டத்தில் உழைத்த உண்மையான மனிதரை அழித்துவிடுகிறது, தீங்கு அவருக்குத்தான்.

ஆய்வாளர்கள் முன்பணம் வாங்கும் நாளிலேயே, ஏட்டில் உள்ளதைத்தான் தருவோம் என்று சொல்லிவிட வேண்டும். கோபத்தோடு திரும்பி வருபவரை உட்காரவைத்து, ஏட்டின் நகலைக் கையில் கொடுத்து, அந்தப் பாட்டனாரின் பெயரை அவரே வாசிக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.