துளிக்குக் கணக்கு உண்டா?

சமய வகுப்பில் கர்ம வினையைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தோம். படிவம் நான்கு படிக்கும் ஒரு தங்கை கையைத் தூக்கினாள். “அண்ணே, பவளம் என்னா பாவம் செஞ்சிச்சி?”

பவளப்பாறைகள் வெளுத்துப் போவதைப் பற்றி எங்கோ படித்திருக்கிறாள். வினை விதைத்தவனே அதை அறுப்பான் என்று நாம் சொல்கிறோம். இங்கே விதைப்பது மனிதன், அறுப்பது பவளம். நியாயமான கேள்விதானே?

முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்து விடலாம். பவளம் கல் இல்லை, செடியும் இல்லை. சின்னஞ்சிறு பிராணிகள் கூட்டமாக வாழ்ந்து, சுண்ணாம்பால் கட்டிய வீடுதான் நாம் பார்க்கும் பாறை. அந்தப் பிராணியின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலை வைத்து உணவு தயாரிக்கும் அந்தப் பாசி, அதில் பெரும்பங்கைத் தனக்கு இடம் கொடுத்த பவளத்துக்கே தந்து விடுகிறது. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் பாசியால் வருவதுதான். கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தை விட ஒரே ஒரு டிகிரி செல்சியஸ் கூடி, சில வாரம் அப்படியே நின்றால் போதும். பாசியின் வேலை கெட்டு, நஞ்சு உண்டாகிறது. பவளம் அதை வெளியே தள்ளி விடுகிறது. மிஞ்சுவது வெள்ளை எலும்புக்கூடு மாதிரி ஓர் உருவம். அப்போதும் அது சாகவில்லை, பசியோடு கிடக்கிறது. சீக்கிரமே நீர் குளிர்ந்தால் பாசி திரும்பும், பவளமும் பிழைக்கும். குளிராவிட்டால் பட்டினிச் சாவுதான்.

உலகம் முழுக்க இப்படி வெளுத்தது 1998இல் முதல் தடவை. பிறகு 2010, அதன் பிறகு 2014 முதல் 2017 வரை. நான்காவது அலை 2023இல் தொடங்கியது. இந்தத் தடவை உலகப் பவளப்பாறைப் பரப்பில் 80 விழுக்காட்டுக்கும் மேல் வெளுக்கும் அளவுக்குச் சூட்டைப் பார்த்து விட்டது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து நாம் பூமியில் தேக்கிய கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடல்தான் வாங்கிக் கொள்கிறது. நமக்கு உறைப்பது மிச்சம் மீதிதான். அதற்கே ஏர்கோன் இல்லாமல் தூங்க முடியவில்லை.

சரி, கேள்விக்கு வருவோம். “அது போன பிறவியில் செஞ்ச வினை” என்று சிலர் சுலபமாக முடித்து விடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கர்மக் கொள்கை என் நடத்தையை நான் பார்த்துக் கொள்வதற்காக உள்ளது. இன்னொரு உயிர் துடிக்கும்போது அதன் பழைய கணக்கைப் புரட்டுவதற்கு நமக்கு அதிகாரம் கிடையாது. அடுத்தவரின் ஏட்டைப் படிக்க நாம் என்ன சித்திரகுப்தனா?

இரண்டாவது பதில் இன்னும் பிரபலம். “நான் ஒருத்தன் மோட்டார் ஓட்டித்தான் கடல் சுடப்போகுதா?” கணக்குப்படி பார்த்தால் உண்மைதான். ஒருவரின் பங்கை எடுத்து விட்டால் கடலில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் தைப்பூசத்தில் பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கும்போது யாராவது இப்படிக் கணக்குப் பார்க்கிறோமா? இத்தனை ஆயிரம் குடத்தில் என் ஒரு குடம் குறைந்தால் முருகனுக்குத் தெரியவா போகிறது என்று வீட்டில் படுத்துக் கொள்கிறோமா? இல்லை. அந்த ஒரு செம்புப் பாலுக்கும் கணக்கு உண்டு என்று நம்பித்தான் படியேறுகிறோம். புண்ணியத்தில் துளிக்குக் கணக்கு வைத்து விட்டு, பாவத்தில் மட்டும் ‘துளிதானே’ என்பது வசதியான தத்துவம்.

ஆனாலும் எல்லாருடைய துளியும் ஒரே அளவு இல்லை. ஒரு மின் நிலையத்தின் பங்கும் மோட்டாரில் வேலைக்குப் போகும் ஒரு தம்பியின் பங்கும் சமமாகாது. திரெங்கானு கரையில் சின்னப் படகு வைத்திருக்கும் மீனவர் இந்தச் சூட்டுக்குச் சேர்த்தது மிகக் கொஞ்சம். பாறை செத்தால் மீன் குறைந்து முதலில் அடி வாங்குவதோ அவர்தான். கடல் தரையில் ஒரு விழுக்காடு கூட இல்லாத பவளப்பாறைகளை நம்பிக் கடல் உயிரினங்களில் ஏறக்குறைய கால் பங்கு வாழ்கிறது. ஆகவே ‘எல்லாரும்தான் காரணம்’ என்று பொதுவாகப் பேசிப் பெரிய கைகளைத் தப்ப விடுவதும் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் கிளையில் இது வெறும் வகுப்புப் பேச்சாக நிற்கவில்லை. ஜூன் மாதம் ரெடாங் தீவுக்கு முக்குளிப்புப் பயணம் போவதாகத் திட்டம். கடல் சூடாக இருந்தால் போகலாமா, வேண்டாமா? “நாம போகலன்னா தண்ணி குளிர்ந்திடுமா?” என்றார் ஓர் அண்ணன். குளிராதுதான். 2010இல் நம் கடல் பூங்காத் துறை தியோமான், ரெடாங் பகுதிகளில் சில முக்குளிப்பு இடங்களைச் சில மாதம் மூடியபோதும் நீர் அதனால் குளிரவில்லை. ஆனால் காய்ச்சலில் கிடப்பவரின் அறைக்குள் கூட்டமாக நுழையாமல் இருப்பது மருந்து இல்லை என்றாலும் மரியாதைதானே. துடுப்புக்கால் பட்டு உடைவதும் கிளறிய மணல் மேலே படிவதும் அந்த நேரத்தில் அதற்குக் கூடுதல் சுமை. வெளுப்பு இருந்தால் பாறைப் பக்கம் நீருக்குள் இறங்குவதில்லை என்று பேசி முடித்தோம். எல்லாருக்கும் திருப்தி இல்லை. முன்பணம் கட்டிய இரண்டு பேருக்கு இன்னமும் கோபம்.

விரதம் நமக்குப் புதிதா என்ன? 48 நாள் மாலை போட்டு, பிடித்ததையெல்லாம் விட்டு வைக்கத் தெரிந்த பிள்ளைகள் நாம். அதையும் தனியாகச் செய்வதில்லை, கூட்டமாகத்தான் செய்கிறோம். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியும் எரிவாயுவும் எரித்து வருவது. கோயில் மண்டபத்தில் ஆளில்லாத நேரத்தில் ஓடும் ஏர்கோன், விடியும் வரை எரியும் அலங்கார விளக்கு, இதையெல்லாம் பற்றிப் பேசினால் “சாமி காரியத்துல கை வைக்காதீங்க” என்று பெரியவர்கள் கோபிப்பார்கள். கருவறை விளக்கை யாரும் தொடச் சொல்லவில்லை. கூரையில் சூரியத் தகடு போட முடியுமா என்று கேட்கிறோம், அவ்வளவுதான். மின்கட்டண ரசீதுகளைக் கொடுத்தால் கணக்குப் போட்டுத் தருகிறோம் என்று கோயில் நிர்வாகத்திடம் சொல்லியிருக்கிறோம். செயலாளர் ஐயா தேடித் தருவதாகச் சொன்னார்.